செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: பழைய மாருதி 800-இன் டைமிங் பெல்ட் கோளாறுகள்

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 15 வருடம் முடிந்து 2012-இல் ஒருமுறை, அப்புறம் ஐந்தைந்து வருடமாக இரண்டு முறை ஆர்சி புதுப்பித்தாயிற்று. இதுவரை மூன்று டைமிங் பெல்ட் மாறியிருக்கிறது. முதலாவதை வெளியில் கொடுத்து மாற்றினேன். மற்ற இரண்டையும் வீட்டு வாசலில் நானே மாற்றினேன். நானே மாற்றவேண்டி வந்ததற்குக் காரணம் அந்த முதல் பெல்ட்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

பெல்ட் வயதாகித் தானாக அறுந்து நான் பார்த்தது குறைவு. கசிகிற ஆயில் சீல், பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரின் கிரீஸ் காய்ந்த பேரிங், சரியாக முறுக்காத ஒரு போல்ட் என்று பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று பெல்ட்டைத் தின்றுவிட்டுப் பழியை அதன்மேல் போட்டுவிடும். பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுசையும் அதே ஆள் தின்பான். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். பெல்ட் வாங்குவது அதற்கப்புறம்.

என் 800-இல் இருப்பது எஃப் 8 பி இன்ஜின். 796 சிசி, மூன்று சிலிண்டர். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் பல் வைத்த டைமிங் பெல்ட்டின் வேலை. வெளியே தெரிகிற வி வடிவ பெல்ட் வேறு. அது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. 800-இல் ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரில் ஓடுவது. ஆனாலும் அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் அந்த வெளிப் பெல்ட்டை எல்லோரும் ‘ஃபேன் பெல்ட்’ என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி, சாவியை அணைத்ததுபோல் நின்றுவிட்டது

திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டி, 70 வேகத்தில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இன்ஜின் அடங்கிவிட்டது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி இரண்டு மூன்று தடவை திக்கித்தான் நிற்கும். இது அப்படி இல்லை. ஓரம் கட்டி செல்ஃப் அடித்தேன். சத்தத்திலேயே சங்கதி தெரிந்துவிட்டது.

நல்ல இன்ஜினில் செல்ஃப் அடித்தால் ‘ர்ரும்… ர்ரும்… ர்ரும்’ என்று ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது ஸ்டார்ட்டர் திணறுவதால் வரும் தாளம் அது. கேம் சுற்றாமல் நின்றுவிட்டால் திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும், அழுத்தம் ஏறாது. தாளம் கெட்டு, ஸ்டார்ட்டர் ‘விர்ர்ர்’ என்று லேசாகச் சுற்றும். இந்தச் சத்தம் வந்தால் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் 800-இல், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஓடுவது கேம் ஷாஃப்ட்டால். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் கேம் சுற்றுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். காயில் வயரைப் பிடுங்கித் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்காரியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன்.

“ஒரே ஒரு தடவ அடி, ஒடனே விட்ரு.”

“அடிச்சாச்சுங்க. சுத்துதா?”

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றவேண்டிய ரோட்டர் அசையவில்லை. செல்ஃப் சுற்றி, ரோட்டர் நின்றால், பெல்ட் போய்விட்டது அல்லது கேம் புல்லி பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் 800-இல் பெட்ரோல் பம்பும் மெக்கானிக்கல்தான், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் உட்கார்ந்து கேமால் அடிபடுவது. பெல்ட் போனால் பிளக்கில் கரண்டும் வராது, கார்புரேட்டருக்குப் பெட்ரோலும் வராது. வழியில் வந்து பார்க்கிறவர் “கரண்ட் வரல, காயில் போச்சு” என்று காயிலை மாற்றுவார். அப்புறம் “பம்ப்பும் போச்சு” என்பார். இரண்டும் ஒரே நொடியில் செத்தால், இரண்டையும் ஓட்டுகிற கேமைப் பாருங்கள். ரோட்டர் ஒழுங்காகச் சுற்றினால் மட்டும் பாயின்ட், காயில், பெட்ரோல் என்று அந்தப் பக்கம் போகலாம்.

2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டி என்றால் டைமிங் கவரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, கவரை லேசாக இழுத்துப் பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் முழுசாகத் தெரிகிறதே என்று விட்டுவிட வேண்டாம். எனக்கு நடந்தது அதுதான். மேலே பார்த்தால் பெல்ட் கும்மென்று இருந்தது. கீழே கிராங்க் புல்லி கடிக்கிற இடத்தில் ஏழெட்டுப் பல் வழித்தெடுத்ததுபோல் மொழுக்கென்று போயிருந்தது. கிராங்க் சுற்றுகிறது, பெல்ட் சும்மா நிற்கிறது. அதனால் அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், செல்ஃப் அடிக்கும்போது பெல்ட் நகர்கிறதா என்று பாருங்கள்.

அடிக்காதீர்கள் என்று சொன்ன காரணம் இதுதான். பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடமும் வால்வு திறந்து இறங்கும் இடமும் ஒன்றே. டைமிங் சரியாக இருக்கும்வரை ஒன்று வரும்போது மற்றது விலகிவிடும். பெல்ட் போனால் இரண்டும் மோதும், வால்வு வளையும். பக்கத்து வீட்டில் ஒரு பழைய சான்ட்ரோ. அதில் நான்கு சிலிண்டர், 12 வால்வு. அவருக்குப் பெல்ட் அறுந்தபோது ஹெட்டைக் கழற்றவேண்டி வந்தது. பெல்ட் செலவு எங்கே, ஹெட் வேலை எங்கே! டீசல் இன்ஜின் என்றால் உள்ளே இடைவெளி இன்னும் குறைவு, மோதலும் இன்னும் நிச்சயம். என் 800 அன்று தப்பித்தது. அதை வைத்து ‘800-க்கு ஒன்றும் ஆகாது’ என்று சட்டம் எழுதமாட்டேன். புது பெல்ட் போட்டதும் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது இரும்பு இரும்பில் முட்டுவதுபோல் நின்றால் அதற்குமேல் தள்ளாதீர்கள். முட்டவில்லை என்றாலும், மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தபிறகுதான் நிம்மதி. ஒன்றில் மட்டும் கேஜ் ஏறவே இல்லை என்றால் அங்கே வால்வு வளைந்திருக்கிறது.

எடுக்கிறது, ஆனால் இழுவை இல்லை; மேடு ஏறவில்லை

இது பெல்ட் ஒரு பல் தாண்டியதால் இருக்கலாம். ஐடிலிங் ஓரளவு நிற்கும், ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் கார்புரேட்டர் வழியாகத் தும்மும், பெட்ரோல் குடிக்கும், சூடேறும். ஆனால் கார்புரேட்டர் ஜெட் அடைத்தாலும் பாயின்ட் கேப் கெட்டாலும் இதே கதைதான். வித்தியாசம் எப்படித் தெரியும்?

முதல் கேள்வி: இந்தக் கோளாறு படிப்படியாக வந்ததா, ஒருநாள் திடீரென்று வந்ததா? அழுக்கு படிப்படியாக வரும். பல் ஒரே நொடியில் தாண்டும், பெரும்பாலும் காலையில் குளிர்ந்த வண்டியை எடுக்கும்போது. இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி திரும்பிய அன்றே தொடங்கும்.

எனக்கு இரண்டாவது வகை. முதல் பெல்ட்டை வெளியில் மாற்றியபிறகு வண்டிக்குப் பழைய இழுவை வரவே இல்லை. திரும்பக் கொண்டுபோனேன். ஸ்பார்க் நேரம் பார்க்கும் டைமிங் லைட் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, “இப்ப ஓட்டிப் பாருங்க சார்” என்றார்கள். கொஞ்சம் தேவலை. அப்படியே பல மாதம் ஓட்டினேன்.

அங்கே நடந்த சூழ்ச்சி எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கேமோடு சுற்றுவது. பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினால் வால்வு நேரமும் தப்பும், ஸ்பார்க் நேரமும் தப்பும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் ஸ்பார்க் மட்டும் சரியாகிவிடும். டைமிங் லைட்டும் ‘சரி’ என்று சொல்லிவிடும். வால்வு தப்பு அப்படியே இருக்கும். கிராங்க் டைமிங் புல்லியில் 20 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 18 டிகிரி. மாதக்கணக்கில் அந்த 18 டிகிரியை முதுகில் தூக்கிக்கொண்டுதான் வண்டி ஓடியிருக்கிறது.

இதைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி: டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். நீள்துளை ஒன்றில் அது நகரும்படி இருக்கும். சரியான வண்டியில் போல்ட் துளையின் நடுவாக்கில் நிற்கும். ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், யாரோ பெல்ட்டின் தப்பை டிஸ்ட்ரிபியூட்டரில் மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

உறுதி செய்ய மார்க் பார்த்தே ஆகவேண்டும். கவரைக் கழற்றி, பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கைக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். கேம் புல்லியின் மார்க் பின்தகட்டிலுள்ள வெட்டுக்கு நேராக வரவேண்டும். அதே சமயம் கிராங்க் டைமிங் புல்லியின் புள்ளி, ஆயில் பம்ப் உடம்பிலுள்ள அம்புக்குறிக்கு நேராக நிற்கவேண்டும். வெளியே தெரிகிற பெரிய கிராங்க் புல்லியிலும் ஒரு வெட்டு இருக்கும். அது ஸ்பார்க் நேரம் பார்க்க. அதை வைத்துப் பெல்ட் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெல்ட்டுக்கு உள் புல்லியின் புள்ளிதான் கணக்கு.

பெல்ட் பக்கத்திலிருந்து சத்தம்

சத்தத்தை எழுத்தில் பிடிப்பது கஷ்டம். முயற்சி செய்கிறேன்.

காலையில் எடுத்ததும், ஹெட்லைட் போட்டதும் ‘கீச்’ என்று கத்தினால் அது ஃபேன் பெல்ட். ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறும்போது வழுக்குகிறது. டைமிங் பெல்ட் பல்லில் ஓடுவதால் இப்படிக் கத்தாது. ‘கீச் கேட்குது, டைமிங் பெல்ட் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

‘கரகர’ என்று அம்மியில் அரைப்பதுபோல் கேட்டால் ஏதோ ஒரு பேரிங். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் நிற்பதால் அதற்குமேல் கூடாது. சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது வாட்டர் பம்ப் பேரிங். அப்படியே இருந்தால் டென்ஷனர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அந்த இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய வித்தை இன்றும் பலிக்கிறது. தொங்குகிற துண்டு, தாலிக்கொடி, முழுக்கைச் சட்டை எதையும் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

புது பெல்ட் போட்டபிறகு வேகம் ஏற ஏற ‘ஙீஈஈ’ என்று சிணுங்கினால் பெல்ட் அதிகமாக இறுகியிருக்கிறது. இதனால் பேரிங் சீக்கிரம் செத்துப்போகும். கவருக்குள் ‘பட் பட்’ என்று அடித்தால் தளர்வு. அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

டென்ஷனர் பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்ப்பதில் ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. பம்பரம்போல் ரொம்ப நேரம் சுற்றினால் நல்லது என்று நினைப்போம். உள்ளே கிரீஸ் இல்லாததால்தான் அப்படிச் சுற்றுகிறது. நல்ல பேரிங் லேசாகப் பிடித்தபடி, சத்தமில்லாமல், விட்டதும் நிற்கும்.

கவருக்குக் கீழே ஆயில் ஈரம்

பெல்ட் சாவுக்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். ரப்பர் ஆயிலைக் குடித்தால் ஊதும், இளகும், பல் வேரோடு பெயரும். விராலிமலையில் எனக்கு வழித்தெடுத்த அந்த ஏழெட்டுப் பல்லும் ஆயிலில் ஊறியவைதான். முதல் பெல்ட்டை மாற்றியவர் கிராங்க் சீலைத் தொடவே இல்லை. பழைய சீல், புது பெல்ட்.

ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கேம் புல்லிக்குப் பின்னாலிருந்தே வழிந்திருந்தால் கேம் சீல், அதற்கும் மேலே என்றால் ராக்கர் கவர் கேஸ்கெட். மேலே காய்ந்து கீழே மட்டும் நனைந்திருந்தால் கிராங்க் சீல் அல்லது ஆயில் பம்ப் கேஸ்கெட். எல்லாச் சீலும் ஒரே சமயத்தில் ஒழுகினால் சீலைத் திட்டாதீர்கள். இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் பிரீத்தர் குழாய் அடைத்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். குழாயைச் சுத்தம் செய்யாமல் சீல் மாற்றினால் காசுக்குக் கேடு.

ஆயில் பட்ட பெல்ட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவர்களும் உண்டு. பெட்ரோல் அதை இன்னும் கெடுக்கும். ஆயில் பட்டால் அந்தப் பெல்ட்டின் ஆயுசு முடிந்தது, நேற்றுப் போட்டதாக இருந்தாலும்.

ஒரு ஓரம் மட்டும் நார் நாராகக் கிழிகிறது

பெல்ட் நேராக ஓடவில்லை. டென்ஷனர் சாய்ந்திருக்கலாம். கிராங்க் டைமிங் புல்லியை ஒட்டி இருக்கும் மெல்லிய வழிகாட்டித் தகட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அதன் வளைந்த விளிம்பு பெல்ட்டைவிட்டு விலகிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கிராங்க் போல்ட் தளர்ந்து புல்லியே ஆடலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. புல்லி ஆடினால் உள்ளே புல்லியைக் கிராங்க்கோடு பூட்டும் சின்னக் கீ தேய்ந்து, அது உட்காரும் காடியும் அகன்றுவிடும். அப்புறம் எத்தனை முறை மார்க் பார்த்து மாட்டினாலும் டைமிங் நிற்காது. புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் கீயைப் புதிதாகப் போடவேண்டும்.

ஒரு கோளாறும் இல்லை, ஆனால் எப்போது மாற்றியது என்று தெரியாது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய எல்லோருக்கும் இந்த நிலைமைதான். முந்தைய ஓனர் “இப்பத்தான் மாத்துனேன்” என்பார். பில் இல்லாத வார்த்தைக்கு மதிப்பில்லை. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் ஒரு கணக்கு. வீட்டில் நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு வருடம்தான் கணக்கு. ஓடாவிட்டாலும் ரப்பர் காயும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். நான் வைத்திருக்கும் கணக்கு ஐந்து வருடம் அல்லது 60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. பெல்ட்டின் முதுகை நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் பதியாமல் கண்ணாடிபோல் பளபளத்தால், பல்லின் அடியில் மயிர்போல் வெடிப்பு தெரிந்தால், காத்திருக்க வேண்டாம். ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக விட்டுவைக்கவும் வேண்டாம்.

சாமான் வாங்கப் போகிறீர்களா

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். 1986-இல் உடம்பு மாறியது. 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ வந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. இந்தச் சரித்திரம் எதற்கு என்றால், கடையில் போய் “800 டைமிங் பெல்ட்” என்று மட்டும் கேட்டால் இந்த முப்பது வருடத்தில் எதுவும் கைக்கு வரும்.

சென்னை ஜிபி ரோட்டில் ஒரு பெரியவர் கடை. போனதும் பெட்டியை எடுக்காமல் கேள்வியை எடுத்தார்.

“எந்த 800 தம்பி?”

“796 சிசிண்ணே.”

“எல்லாமே 796 தான். ஆறு வால்வா, பன்னெண்டு வால்வா?”

நியாயமான கேள்வி. ஆல்டோவில் வந்த 12 வால்வு இன்ஜினும் 796 சிசி. ஐந்து கியரோடு வந்த சில 800-இலும் 12 வால்வு இன்ஜின் உண்டு. ஆகவே ஆர்சியின் ஜெராக்ஸோ சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எழுதிய சீட்டோ கையில் இருக்கட்டும். முடிந்தால் பழைய பெல்ட்டையே கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணி, அகலத்தை அளந்து, பல்லின் வடிவம் உருண்டையா சதுரமா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளவில்லை என்றால் இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். ஆம்னியிலும் எஃப் 8 பி இன்ஜின்தான் என்பதால் 800-க்கு இல்லாத சில சாமான் ஆம்னி பெயரில் கிடைக்கும். பார்ட் நம்பர் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

எங்கே தேடுவது? புதிய சாமானுக்குச் சென்னையில் ஜிபி ரோடு, பெங்களூரில் ஜேசி ரோடு, டெல்லியில் காஷ்மீரி கேட். கழற்றிய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி. சின்ன ஊரில் இருப்பவர்கள் முதலில் கம்பெனி டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். 800 நின்றுபோனாலும் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி, தேய்கிற சாமானுக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. சிரமம் வருவது கவர், பிராக்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு மாதிரி சமாச்சாரங்களுக்குத்தான்.

புதுப்பேட்டையில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. டைமிங் கவர், கேம் புல்லி, டென்ஷனர் பிராக்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு எல்லாம் பழசில் எடுக்கலாம். புல்லியின் பல் முனை தேய்ந்து கூராக இருந்தால் விட்டுவிடுங்கள். பெல்ட், டென்ஷனர் பேரிங், அதன் ஸ்பிரிங், சீல், கீ ஐந்தும் புதுசு. ‘நல்ல வண்டில கழட்டுனது சார், மூவாயிரம்கூட ஓடல’ என்று பெல்ட்டை நீட்டினால் வணக்கம் போட்டு நகருங்கள்.

புதுசிலும் பார்க்கவேண்டியது இருக்கிறது. பெல்ட்டுக்குப் பலம் தருவது உள்ளே நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறு. இழுத்தால் தாங்கும், மடித்தால் முறியும். ஒரு கடையில் பெல்ட்டுகளை ஆணியில் மாலைபோல் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆணி பட்ட இடத்தில் ஒவ்வொரு பெல்ட்டும் கொண்டை ஊசிபோல் மடங்கியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை விட்டிருக்கும். பெட்டியில் தளர்வாகச் சுருண்டிருக்கும் பெல்ட்டையே கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலும் மடக்கிப் பாக்கெட்டில் திணிக்காதீர்கள்.

டூப்ளிகேட்டைப் பிடிக்க: கம்பெனி பெட்டியில் ஹாலோகிராம் பாருங்கள், பெட்டியிலுள்ள நம்பரும் பெல்ட் முதுகிலுள்ள நம்பரும் ஒன்றா பாருங்கள், அச்சைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். மை விரலில் ஒட்டினால் சந்தேகம்தான். பல்லின்மேல் துணிப்பூச்சு சீராக இருக்கவேண்டும், ஓரத்தில் நூல் பிரியக்கூடாது. கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. கேட்ஸ், கான்டிடெக், டேகோ போன்ற பெல்ட் கம்பெனிகளின் சொந்தப் பெட்டியில் உங்கள் நம்பருக்கு இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மாட்டும்போது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு போட்டு, பெல்ட் பக்கத்து முன் சக்கரத்தை எடுங்கள். செங்கல் ஸ்டாண்டு ஆகாது. பிளக் மூன்றையும் கழற்றினால் இன்ஜினைக் கையால் சுற்றுவது சுலபம். பழைய பெல்ட் இருக்கும்போதே மார்க்குகளை நேராக்கி, வெள்ளை பெயின்ட்டில் புள்ளி வைத்து, போனில் நான்கைந்து படம் எடுத்துவிடுங்கள். கிராங்க் போல்ட் வராமல் அடம்பிடிக்கும். டாப் கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நீளமான கம்பியால் கழற்றுங்கள். செல்ஃப் அடித்து போல்ட்டைத் தளர்த்தும் வித்தை சிலருக்குத் தெரியும். அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பெல்ட் கழன்றபிறகு கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றக்கூடாது. ராக்கர் கவரைக் கழற்றி வால்வு இடைவெளியை வைக்கும் டாப்பெட் ஸ்க்ரூக்களைத் தளர்த்திக்கொண்டால் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளாது, மார்க் நகராது. இதைச் செய்யாமல் மாட்டுவதால்தான் பாதிப் பேருக்கு ஒரு பல் தப்புகிறது. வேலை முடிந்ததும் டாப்பெட் கேப்பைக் கையேட்டு அளவுக்கு வைக்க மறக்கவேண்டாம்.

சீல், பேரிங் மாற்றியபிறகு பெல்ட்டை மாட்டுங்கள். டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக வரவேண்டும், தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கம் சேரவேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கு ஏற்றபடி இருக்கட்டும். இப்போது டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை அதன் வேலையைச் செய்ய விடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி இறுக்கும் ஆசை வரும். வேண்டாம், மேலே சொன்ன சிணுங்கல் வருவது அதனால்தான். கிராங்க்கைக் கடிகாரத் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, தளர்ச்சியெல்லாம் வெளியே வந்தபிறகு போல்ட்டை இறுக்குங்கள். மறுபடி இரண்டு சுற்று, மறுபடி மார்க். இரண்டு மார்க்கும் நேராக நின்றால் கவரை மூடலாம். ஒரு பல் தள்ளி நின்றால் சோம்பல் படாமல் கழற்றி மாட்டுங்கள்.

கவருக்குள் தேதியும் கிலோமீட்டரும் பெயின்ட்டில் எழுதிவிட்டேன். அடுத்து வாங்குகிறவர் என் வார்த்தையை நம்பவேண்டியதில்லை.

மாற்றியாயிற்று, இப்போதும் எடுக்கவில்லை

பதற வேண்டாம். செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள். ‘ர்ரும் ர்ரும்’ தாளம் திரும்பிவிட்டால் பெல்ட் சரி, வேறு எங்கோ கை பிசகியிருக்கிறது. பிளக் வயர்களைப் பாருங்கள், 800-இன் வரிசை 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியிருந்தால் அதன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்த்தது என்று எடுத்த படத்தைப் பாருங்கள். கழற்றிய எர்த் வயர் ஏதாவது தொங்குகிறதா பாருங்கள்.

நான் முதல் தடவை சொந்தமாக மாட்டியபோது அரை மணி நேரம் செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை. மார்க்கை நான்கு முறை பார்த்தேன். கவரை மறுபடி கழற்ற 10-11 ஸ்பேனரை எடுக்கும்போதுதான் வீட்டுக்காரி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

“ஏங்க, அன்னிக்கு புடுங்கி வெச்சீங்களே, அந்த வயரு இது தானா?”

காயில் வயர்தான்.